ஏபிஎன்னில் கை வைக்கும் முன்: கேளம்பாக்கம் வாசிகளுக்கு

கேளம்பாக்கம் ஜங்ஷன் கடையில் நிற்கிறீர்கள். சிக்னல் முழுக் கோடு காட்டுகிறது, ஜிபே மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கிறது. உடனே யாராவது "போனைக் கொடுங்க, செட்டிங்ஸ் மாத்தித் தர்றேன்" என்பார். கொடுத்துவிடாதீர்கள். நீங்களே செய்யக்கூடிய வேலை இது.

செய்ய வேண்டியவை

• முதலில் ஏரோப்ளேன் மோடைப் போட்டு எடுங்கள். டவரோடு இணைப்பு புதிதாகத் தொடங்கும். பாதிச் சிக்கல் இதிலேயே தீர்ந்துவிடும்.

• பக்கத்தில் அதே சிம் வைத்திருப்பவரைக் கேளுங்கள். அவருக்கும் இழுத்தால் கோளாறு டவரில்தான். சிறுசேரி ஆபீஸ் விடும் நேரத்து நெரிசலை எந்த செட்டிங்ஸும் சரிசெய்யாது.

• மாற்றும் முன் செட்டிங்ஸில் உள்ள ஏபிஎன் (போன் நெட்டோடு இணையும் வாசலின் பெயர்) பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். பழையபடி திரும்ப அது உதவும்.

• ஏபிஎன் பெயரை ஆங்கிலச் சிறிய எழுத்தில், இடைவெளி விடாமல் அடியுங்கள். ஜியோவுக்கு ஜியோநெட், பிஎஸ்என்எல்லுக்கு பிஎஸ்என்எல்நெட், ஏர்டெல்லுக்கு ஏர்டெல்ஜிபிஆர்எஸ் டாட் காம். ப்ராக்ஸி, போர்ட் இரண்டும் காலியாகவே இருக்கட்டும்.

• மூன்று புள்ளி மெனுவில் 'சேவ்' கொடுத்து, பட்டியலில் அந்தப் பெயருக்கு நேராக உள்ள வட்டத்தையும் தொடுங்கள். பலர் தடுமாறும் இடம் இதுதான்: சேவ் செய்திருப்பார்கள், தேர்வு செய்திருக்க மாட்டார்கள். போன் பழைய ஏபிஎன்னிலேயே ஓடிக்கொண்டிருக்கும்.

• உயரமான அபார்ட்மென்ட் மாடியில் இருந்தால் வைஃபை காலிங்கை ஆன் செய்யுங்கள். அங்கே போன் பல டவர்களுக்கிடையே தாவும், கால் அறுபடும்.

செய்யக்கூடாதவை

• '5ஜி மட்டும்' என்று பூட்டாதீர்கள். *#*#4636#*#* அடித்து இதைச் செய்யச் சொல்லும் வீடியோக்கள் ஏராளம். ஏர்டெல் 5ஜி பெரும்பாலும் 4ஜியைப் பிடித்துக்கொண்டுதான் ஓடுகிறது. 4ஜியை வெட்டினால் சிக்னலே போய்விடும். அவசரத்துக்கு 112கூடக் கிடைக்காமல் போகலாம்.

• ஜியோ சிம்மை 2ஜி, 3ஜிக்கு மாற்றாதீர்கள். அந்த நிறுவனத்துக்கு அவை இரண்டுமே கிடையாது.

• ஐஎம்எஸ் என்று இருக்கும் ஏபிஎன்னை அழிக்காதீர்கள். வோல்டிஇ, அதாவது 4ஜி வழிக் கால், அதன் வழியாகத்தான் போகிறது.

• எடுத்த எடுப்பில் 'ரீசெட் நெட்வொர்க் செட்டிங்ஸ்' அழுத்தாதீர்கள். வீட்டு வைஃபை பாஸ்வேர்டு, ப்ளூடூத் எல்லாம் அழியும். ஏபிஎன் பக்கத்திலேயே உள்ள 'ரீசெட் டு டிஃபால்ட்' போதும்.

• டெலிகிராமில் வரும் 'இலவச நெட்' ஃபைலைப் போடவே போடாதீர்கள். படூர், கேளம்பாக்கம் ஹாஸ்டல் பிள்ளைகளுக்கு இதை அழுத்திச் சொல்கிறேன். உங்கள் போனிலிருந்து போவது, வருவது அத்தனையும் முகம் தெரியாத ஒருவனுடைய சர்வர் வழியாகப் போகும். எந்தெந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்று அவன் பார்க்கலாம். போலிப் பக்கத்துக்கும் திருப்பிவிடலாம்.

• "கஸ்டமர் கேர்" என்று கூப்பிட்டவர் சொல்லும் *401* எண்ணை அடிக்காதீர்கள். உங்கள் கால்கள் அவர் போனுக்குப் போகும், கால் வழி வரும் ஓடிபியும் சேர்ந்து போகும். இந்த மோசடியால்தான் 2024 ஏப்ரல் 15 முதல் யுஎஸ்எஸ்டி (இப்படி நட்சத்திரக் குறியோடு அடிக்கும் எண்) வழி கால் ஃபார்வர்டிங்கை நிறுத்தச் சொன்னது தொலைத்தொடர்புத் துறை. அதற்கு முன்பே யாராவது மாற்றியிருக்கலாம். போன் ஆப் செட்டிங்ஸில் கால் ஃபார்வர்டிங்கை இப்போதே திறந்து பாருங்கள். தெரியாத நம்பர் இருந்தால் நீக்குங்கள். பணம் போயிருந்தால் அந்த நிமிஷமே சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு அழையுங்கள்.