அறை எடுத்தவர் முஸாபிர் அல்லர்

ஆண்டுதோறும் ஜூன், ஜூலை மாதங்களில் திருச்சிராப்பள்ளிக்கு வெளியூர்ப் பிள்ளைகள் பெட்டியும் படுக்கையுமாக வந்து இறங்குகின்றனர். ஜனாப் எம். ஜமால் முஹம்மது சாஹிப் அவர்களும், ஜனாப் காஜாமியான் ராவுத்தர் அவர்களும் முயன்று 1951இல் தோற்றுவித்த ஜமால் முஹம்மது கல்லூரிக்கு வருவோர் ஒரு பகுதி. துவாக்குடிப் பக்கம் பொறியியல் படிக்க வருவோர், பெல் தொழிற்சாலையிலும் பொன்மலைப் பணிமனையிலும் பயிற்சிக்கு வருவோர், கடைகளிலும் மருத்துவமனைகளிலும் முதல் வேலை கிடைத்து வருவோர் மறு பகுதி. விடுதியில் இடம் கிடைத்தவர்கள் போக, மற்றவர்கள் பாலக்கரை, தென்னூர், உறையூர் என்று அறை தேடுகிறார்கள். காவிரிப் பாலம் தாண்டி ஸ்ரீரங்கத்திலும் திருவானைக்கோவிலிலும் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து வீடு பிடிப்போரும் உண்டு.

இவர்களில் சிலரிடம் ஒரு பழக்கத்தை நாம் காண்கிறோம். ஜமாஅத்துக்குப் போக முடியாமல் அறையில் தனியே தொழும்போது லுஹரையும் அஸரையும் இஷாவையும் இரண்டிரண்டு ரக்அத்தாகத் தொழுதுவிடுகிறார்கள். கேட்டால், "நாங்கள் வெளியூர்க்காரர்கள்தானே, முஸாபிர்தானே" என்கிறார்கள். சிலர் இப்படியே ஓர் ஆண்டைக் கழித்துவிடுகின்றனர். இது தவறு. இத்தவறு தொழுகையோடு நிற்பதுமில்லை என்பதால்தான் இங்கே விரிவாக எழுதுகிறோம்.

முதலில் மஸ்அலாவைப் பார்ப்போம். ஹனபி மத்ஹபின்படி, ஓர் ஊரில் 15 நாட்களோ அதற்கு மேலோ தங்குவதாக நிய்யத் செய்தவர் அவ்வூரில் முகீம் ஆகிவிடுகிறார். அவர் முழுமையாகவே தொழ வேண்டும். ஷாபிஈ மத்ஹபின்படி, வந்த நாளும் புறப்படும் நாளும் நீங்கலாக 4 நாட்கள் தங்க நிய்யத் செய்தாலே முகீம்தான். மூன்றாண்டுப் படிப்புக்கு வந்தவரும், பதினொரு மாத வாடகை உடன்படிக்கையில் கையெழுத்திட்டவரும் எந்த மத்ஹபின்படியும் முஸாபிர் ஆக மாட்டார்கள். ஜும்ஆவும் இவர்கள் மீது கடமையாகும். வெளியூர்க்காரர் என்று சொல்லி அதை விட்டுவிட வழியில்லை. கஸ்ரைப் பொறுத்தவரை, விடுதியில் தங்கிப் படிக்கும் பெண்மக்களுக்கும் இதே சட்டம்தான்.

விடுமுறையில் ஊருக்குப் போகும்போது என்ன செய்வது? சுமார் 48 மைல், அதாவது ஏறக்குறைய 78 கிலோமீட்டர், என்பது நம் ஹனபி உலமாக்கள் வழக்கமாகச் சொல்லும் தூரம். தஞ்சாவூரும் புதுக்கோட்டையும் திருச்சியிலிருந்து இந்தத் தூரத்துக்குள் அடங்குவதால் அங்கே போய் வருவதில் கஸ்ரு இல்லை. மதுரை, நாகூர், சென்னை செல்பவர்களுக்கு வழியில் கஸ்ரு உண்டு. ஆனால், நகரத்தின் கட்டடங்களைக் கடந்த பிறகே அது தொடங்கும். 2025 முதல் வெளியூர்ப் பஸ்கள் பல பஞ்சப்பூர் நிலையத்திலிருந்து புறப்படுகின்றன. அதுவும் மாநகராட்சி எல்லைக்குள் இருப்பதே. அங்கே பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது தொழுதால் முழுமையாகத் தொழுக. சொந்த ஊருக்குள் நுழைந்துவிட்டால், ஒரே ஒரு இரவு தங்கினாலும் முழுத் தொழுகைதான். சனிக்கிழமை ஊர் போய்த் திங்களன்று திரும்புகிறவர்களைப் பற்றி உலமாக்கள் நுணுக்கமாகப் பேசியிருக்கிறார்கள். அறையும் சாமான்களும் இங்கே இருக்கும்வரை முகீம் என்ற நிலை நீங்குவதில்லை என்று சொன்னவர்களும் உண்டு. இப்படிப்பட்டவர்கள் தங்கள் நிலையை முஹல்லா இமாமிடம் எடுத்துச் சொல்லி ஒரு தடவை கேட்டுத் தெளிந்துகொள்ளட்டும். அந்தச் சாக்கில் இமாமோடு அறிமுகமும் ஏற்படும்.

கீழக்கரை, காயல்பட்டினம் போன்ற கடற்கரை ஊர்களிலிருந்து வரும் ஷாபிஈ பிள்ளைகளுக்கு இங்கே ஒரு சங்கடம் தோன்றுவதுண்டு. திருச்சிப் பள்ளிவாசல்கள் பெரும்பாலும் ஹனபிகளுடையவை. அஸருக்குப் பாங்கு பிந்தும், சுப்ஹில் குனூத் இராது. இதற்காக ஜமாஅத்தை விட வேண்டியதில்லை. இமாமைப் பின்பற்றித் தொழலாம். ஊரில் 'வாப்பா' என்று அழைத்தவர் இங்கே 'அத்தா' என்று அழைப்பவர்களோடு ஒரே வரிசையில் நின்று பழகுவதும் ஒரு கல்விதானே!

இனி நாம் சொல்ல வந்ததற்கு வருவோம். ஷரீஅத் 15 நாளில் ஒருவரை முகீம் ஆக்கிவிடுகிறது. நம் வாலிபர்களோ மனத்தளவில் மூன்றாண்டும் முஸாபிராகவே இருக்கிறார்கள். "நான் நாளைக்குப் போகிறவன்" என்ற நினைப்பில் வாடகையைத் தள்ளிப்போடுவது, மெஸ்ஸில் பாக்கி வைப்பது, அண்டை வீட்டார் பெயர்கூடத் தெரியாமல் இருப்பது எல்லாம் நடக்கின்றன. உலகில் ஒரு வழிப்போக்கனைப் போல் இரு என்று பெருமானார் (ஸல்) அவர்கள் இப்னு உமர் (ரலி) அவர்களுக்கு உபதேசித்தார்களே என்று சிலர் கேட்கக் கூடும். அது உள்ளம் உலகில் ஒட்டாமல் இருப்பதற்குச் சொன்னது. வீட்டுக்காரருக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுக்காமல் இருப்பதற்குச் சொன்னதன்று.

மக்காவிலிருந்து வெறுங்கையோடு மதீனா வந்த அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களைப் பாருங்கள். அவர்களுக்குச் சகோதரராக ஆக்கப்பட்ட ஸஃது இப்னு ரபீஉ (ரலி) அவர்கள் தம் செல்வத்தில் சரிபாதியைத் தர முன்வந்தார்கள். இவர்களோ அவருக்கு பரக்கத் வேண்டி துஆ செய்துவிட்டு, கடைத்தெரு எங்கே என்றுதான் கேட்டார்கள். முதல் நாளே உலர்ந்த பாலாடைக் கட்டியும் நெய்யும் ஆதாயமாகக் கொண்டு திரும்பினார்கள். சிறிது காலத்தில் மணமும் முடித்தார்கள். ஓர் ஆட்டையாவது அறுத்து வலீமா கொடுக்கும்படி நாயகம் (ஸல்) அவர்கள் அவர்களிடம் கூறினார்கள். புது ஊரில் அவர்கள் விருந்தாளியாக உட்காரவில்லை. அவ்வூர்க்காரராகவே ஆகிவிட்டார்கள்.

அறை எடுக்கும் நாளில் செய்ய வேண்டியது எழுத்து. திருக்குர்ஆனின் மிக நீளமான ஆயத்து பகரா சூராவின் 282ஆவது ஆயத்து. அது கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதைப் பற்றியது என்பதை நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்? எழுதுவதும், சாட்சி வைப்பதும், சிறு தொகையானாலும் சலித்துக்கொள்ளாமல் எழுதுவதும் அதில் வந்துவிடுகின்றன. நம் பிள்ளைகளோ "நண்பன்தானே, எழுதினால் என்ன நினைப்பான்?" என்கிறார்கள். நட்பு முறிவது பெரும்பாலும் எழுதாததால்தான். மூன்று பேர் சேர்ந்து வீடு எடுக்கிறார்கள். முன்பணத்தில் யார் எவ்வளவு கொடுத்தார் என்பதற்குக் குறிப்பில்லை. நடுவில் ஒருவர் வேலை மாறிப் போகிறார். அப்புறம் முகம் பார்ப்பதில்லை. ஒரு நோட்டில் மூவரும் கையெழுத்துப் போட இரண்டு நிமிடம் போதும்.

வீட்டுக்காரரிடமும் அப்படியே. தமிழ்நாட்டில் 2019இல் நடைமுறைக்கு வந்த 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி உடன்படிக்கை எழுத்தில் இருக்க வேண்டும். வேறு விதமாக உடன்பட்டிருந்தாலன்றி மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கலாகாது. இவை தெரிந்திருந்தால் ஏமாறாமல் இருக்கலாம்.

ஸ்ரீரங்கத்தில் வீடு கேட்கும்போது வரும் நிபந்தனை ஒன்றைத் தனியே சொல்ல வேண்டும். கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளில் மாமிசம் சமைக்கக் கூடாது என்ற பேச்சோடுதான் பல வீடுகள் கிடைக்கும். இதில் கோபப்பட ஒன்றுமில்லை. வீடு அவர்களுடையது. சம்மதமில்லை என்றால் வேறு வீடு பார்க்கலாம். சம்மதித்து வாக்குக் கொடுத்த பின், வெள்ளிக்கிழமை தோறும் பிரியாணிப் பொட்டலத்தைப் பைக்குள் மறைத்துக் கொண்டுவந்து கதவைச் சாத்திக்கொண்டு உண்பது முஸ்லிமுக்கு அழகா? பிரியாணி ஹலால்தான். வாக்குமீறல்? வீட்டுக்கார மாமிக்குத் தெரியாமல் போகலாம். அல்லாஹ்வுக்குத் தெரியாமல் போகுமா? அந்தப் பொட்டலத்தைக் கடையிலேயே உட்கார்ந்து உண்டுவிட்டு வந்தால் ஒரு பாதகமும் இல்லை. இப்படி ஒருவர் நடந்துகொண்டால் அடுத்த ஆண்டு அறை கேட்டு வரும் நம் பிள்ளைக்கு அங்கே கதவு திறக்கும். மறைத்து உண்டவர் ஒருவரால் அந்தத் தெருவே மூடிக்கொள்ளும்.

அண்டை வீட்டாரின் உரிமையில் மதம் குறுக்கிடுவதில்லை. அப்துல்லாஹ் இப்னு அம்ரு (ரலி) அவர்கள் வீட்டில் ஆடு அறுக்கப்பட்டபோது, அண்டையிலிருந்த யூதருக்குக் கொடுத்தீர்களா என்றுதான் கேட்டார்கள். நாம் வசிப்பது சைவ உணவுக்காரர்கள் நடுவே என்றால் இறைச்சி அனுப்புவது அன்பாகாது. பெருநாளுக்குப் பழமும் பேரீச்சையும் கொடுத்தனுப்பலாம். வாசற்கோலத்தை மிதிக்காமல் செருப்பை ஓரமாகக் கழற்றுவது சிறு செயல். ஆனால் அதைப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். மார்கழியில் வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்தில் தெருவே நெரியும் நாட்களில் வண்டியை வாசலில் குறுக்கே நிறுத்தாமல் இருப்பதும் அண்டை வீட்டார் உரிமையில் சேர்ந்ததுதான்.

பிரசாதம் கொண்டுவந்து தந்தால் என்ன செய்வது என்று கேட்பவர்கள் உண்டு. படைக்கப்பட்டதை நாம் உண்பதில்லை. இதை முதல் தடவையே, "மாமி, சாமிக்குப் படைத்ததை நாங்கள் சாப்பிடுவதில்லை, மன்னிக்க வேண்டும்; வீட்டில் செய்த முறுக்கு இருந்தால் தாருங்கள்" என்று சிரித்த முகத்தோடு சொல்லிவிட்டால் முடிந்தது. வாங்கிக்கொண்டு குப்பையில் போடுவதுதான் மிகக் கெட்ட வழி. அது பொய்யும் ஆகும், அவர்கள் மனத்தைப் புண்படுத்துவதும் ஆகும்.

கடனைப் பற்றிச் சற்றுக் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. கையிலுள்ள போனில் இரண்டு தட்டுத் தட்டினால் ஐயாயிரம், பத்தாயிரம் வந்து விழுகிற காலம் இது. வட்டியின் பெயர் மாறியிருக்கிறதே தவிர, வட்டி மாறவில்லை. கடன் அட்டையில் தவணை தவறினால் ஏறுவதும் அதுவே. ஷஹீதுடைய பாவங்கள் எல்லாம் மன்னிக்கப்படும், கடனைத் தவிர என்ற கருத்தில் ஹதீஸ் இருக்கிறது. கடனாளியாக இறந்த ஒருவருக்கு ஜனாஸாத் தொழுகை நடத்த நாயகம் (ஸல்) அவர்கள் முன்வராமல், மற்றவர்களைத் தொழச் சொன்னார்கள். அபூ கதாதா (ரலி) அவர்கள் அக்கடனைத் தாம் ஏற்றுக்கொண்ட பிறகே தொழவைத்தார்கள். இதில் இன்னொரு பாடமும் இருக்கிறது. ஜாமீன் கையெழுத்து என்பது வெறும் மை அல்ல. போட்டவுடன் அது உங்கள் கடன். அறைத் தோழனுக்காகப் போடுமுன், அவன் கொடுக்காவிட்டால் நாம் கொடுக்க முடியுமா என்று பார்த்துவிட்டுப் போடுங்கள். முடியாதென்றால் மறுத்துவிடுங்கள். மறுப்பது பாவமில்லை.

வேலையில் சேர்ந்தவர்கள் ஜும்ஆ நேரத்தைப் பற்றிச் சேரும் நாளிலேயே மேலதிகாரியிடம் பேசிவிடுவது நல்லது. ஒவ்வொரு வெள்ளியும் சொல்லாமல் நழுவுவது நமக்கும் மரியாதையில்லை, தொழுகைக்கும் மரியாதையில்லை. பர்ளுத் தொழுகைக்கு உரிய நேரத்தைக் கேட்டுப் பெறுங்கள். கூலி பெறும் நேரத்தில் முதலாளியின் சம்மதமின்றி நபில் தொழுவதைப் புகஹாக்கள் அனுமதிக்கவில்லை. தொழப் போனவர் டீக்கடையில் அரை மணி நேரம் நின்றால் அதற்கு என்ன சட்டம் என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை.

சொந்தமாகச் சம்பாதிக்கத் தொடங்கியவருக்கு ஜகாத்தும் சொந்தக் கணக்குத்தான். அத்தா கொடுத்துவிடுவார் என்று இருக்கலாகாது. ஹனபி மத்ஹபின்படி 612 கிராம் வெள்ளியின் மதிப்புக்குக் குறையாத தொகை கடன் போகக் கையில் சேர்ந்த நாளைக் குறித்து வையுங்கள். சந்திரக் கணக்கில் ஓராண்டு நிறையும்போதும் அந்த அளவு இருந்தால் நாற்பதில் ஒரு பங்கு கடமை.

சமையலும் துவையலும் பெண்கள் வேலை என்று வளர்ந்த பையன்கள் முதல் மாதத்திலேயே திண்டாடுகிறார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் தம் செருப்பைத் தாமே தைத்தார்கள், கிழிந்த துணியைத் தாமே தைத்தார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். தாய்மார்கள் மகனை வெளியூர் அனுப்புமுன் சோறு வடிக்கவும் ஒரு பருப்புக் குழம்பு வைக்கவும் கற்றுக்கொடுத்து அனுப்பட்டும். ஊறுகாய் ஜாடியைவிட அது அதிகம் உதவும்.

படிப்பு முடிந்தோ வேலை மாறியோ அறையைக் காலி செய்யும் நாளும் வரும். மெஸ், மளிகை, பால், சலவை என்று எங்கெல்லாம் கணக்கு இருந்ததோ அங்கெல்லாம் ஒரு சுற்றுப் போய் வர வேண்டும். மின் கட்டணத்தைக் கணக்குப் பார்த்துக் கொடுத்துவிட வேண்டும். சுவரில் ஆணி அடித்து உடைத்திருந்தால், வீட்டுக்காரர் பார்க்கும்வரை காத்திராமல் நாமே சொல்லிவிட வேண்டும். இரவல் வாங்கிய புத்தகம், பாத்திரம், சைக்கிள் சாவி எல்லாம் உரியவரிடம் போய்ச் சேர வேண்டும். பிறகு பக்கத்து வீட்டார், அறைத் தோழர்கள், பள்ளிவாசல் இமாம், முஅத்தின் எல்லாரிடமும் நேரில் போய், தெரிந்தும் தெரியாமலும் செய்த குறைகளை ஹலாலாக்கிக் கொள்ளும்படி கேட்டு, ஸலாம் சொல்லிப் புறப்படுக. அன்று நகரைக் கடந்த பிறகு, போகும் ஊர் தூரமாக இருந்தால், கஸ்ரு செய்து கொள்ளலாம்.