அந்தக் கை யாருடையது?

நுழையும் முன்

மாணவர்களே! சுவரில் ஏறும் வீரர்களையும் வானில் பறக்கும் வீரர்களையும் நீங்கள் திரையில் கண்டு மகிழ்ந்திருப்பீர்கள். ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளுக்கு முன், அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒரு பெண் மகிழுந்தை முந்தி ஓடினாள். அவளுக்கு அந்த ஆற்றலைத் தந்தது ஓர் அரசு அலுவலகம். அதற்கு ஒரு விலையும் இருந்தது.

பாடம்

1975ஆம் ஆண்டில், அமெரிக்காவின் ஏ.பி.சி. தொலைக்காட்சியில் ‘ஆறு மில்லியன் டாலர் மனிதன்’ என்னும் அறிவியல் புனைவுத் தொடர் பெரும் வரவேற்புடன் ஒளிபரப்பாகி வந்தது. மார்ட்டின் கைடின் எழுதிய ‘சைபார்க்’ என்னும் புதினத்தைத் தழுவியது அது. விபத்தில் ஒரு கையையும் இரு கால்களையும் ஒரு கண்ணையும் இழந்த விண்வெளி வீரன் ஸ்டீவ் ஆஸ்டினுக்கு அரசு மின்னணு உறுப்புகளைப் பொருத்துகிறது. பின்னர் அவனைத் தன் ஒற்றனாக ஆக்கிக்கொள்கிறது. அத்தொடரின் இரண்டு பகுதிகளில் மட்டும் தோன்றி மறைவதற்காகக் கென்னத் ஜான்சன் என்னும் எழுத்தாளர் படைத்த பாத்திரமே ஜேமி சாமர்ஸ்.

ஜேமி ஒரு டென்னிஸ் வீராங்கனை, ஸ்டீவின் காதலி. வானூர்தியிலிருந்து வான்குடையுடன் குதிக்கும்போது விபத்து நேர்கிறது. வலக்கை, இரு கால்கள், வலக்காது ஆகியன சிதைகின்றன. அவளைக் காப்பாற்றுமாறு ஸ்டீவ் தன் மேலதிகாரி ஆஸ்கர் கோல்ட்மேனிடம் மன்றாடுகிறான். அவர் தயங்குகிறார். இறுதியில் இசைந்தாலும், அவளும் ஒருநாள் உளவுப் பணிக்கு அழைக்கப்படலாம் என்பதை அவர் மறைக்கவில்லை. அவள் மயக்கத்தில் கிடக்கையில், அவளுக்காக மற்றவர்கள் செய்துகொண்ட உடன்பாடு அது.

ஜேமியின் உடல் புதிய உறுப்புகளை ஏற்க மறுக்கிறது, அவள் இறந்துவிடுகிறாள். கதை அத்துடன் முடிந்திருக்க வேண்டும். ஆனால், பார்வையாளர்கள் விடவில்லை. அவளை மீண்டும் கொண்டுவருமாறு மடல்கள் வந்து குவிந்தன. எனவே, மருத்துவர்கள் அவள் உடலைக் கடுங்குளிரில் வைத்து உயிர் மீட்டனர் எனக் கதை திருத்தப்பட்டது. உயிர் திரும்பியது, ஆனால், ஸ்டீவைக் காதலித்த நினைவு திரும்பவில்லை. 1976 சனவரியில் ‘பயோனிக் பெண்’ என்னும் பெயரில் அவளுக்கென்றே தனித் தொடர் தொடங்கியது.

தனித் தொடரில் ஜேமி டென்னிஸ் ஆடவில்லை. கலிபோர்னியாவின் ஓஹாய் என்னும் சிற்றூருக்கு அருகில், வான்படைத் தளத்திலுள்ள பள்ளியில் ஆசிரியையாகிறாள். அடங்காத வகுப்பை அமைதிப்படுத்த, தடித்த தொலைபேசி எண் புத்தகத்தை அவள் இரண்டாகக் கிழிக்கும் காட்சி உண்டு. (ஆசிரியையான எனக்கு அந்த வசதி இல்லை, கரும்பலகையில் தட்டுவதோடு சரி.) முன்நெற்றி முடியைக் காதின் பின்னே ஒதுக்கினால் அவள் தொலைவிலுள்ள பேச்சை உற்றுக் கேட்கிறாள் என்று பொருள். மணிக்கு 60 மைலுக்கும் மேலான வேகத்தில் அவள் ஓடுவதை மெதுவாக நகரும் காட்சியாகவே காட்டினர். படச்சுருளை விரைவுபடுத்திக் காட்டினால், பழைய ஊமைப்பட நகைச்சுவை போல ஆகிவிடுமல்லவா?

இயற்பியல் கற்கும் மாணவர் ஒருவர் இங்கே குறுக்கிடக்கூடும். இயந்திரக்கை மகிழுந்தைத் தூக்கலாம். ஆனால், அந்தச் சுமையைத் தோளெலும்பும் முதுகெலும்பும் தாங்கவேண்டுமே, அவை பழைய எலும்புகள்தாமே? சரியான கேள்வி. தொடர் அதற்கு விடை கூறவில்லை.

சென்ற ஆண்டு இக்கதையை வகுப்பில் கூறியபோது, வழக்கமாகப் பேசாத மாணவி ஒருத்தி வேறொரு கேள்வி கேட்டாள்: “அம்மா, அந்தக் கை யாருடையது?” என்னால் உடனே விடை சொல்ல இயலவில்லை.

ஸ்டீவின் உடலுக்கு ஆகிய செலவு தொடரின் பெயரிலேயே இருக்கிறது. ஜேமிக்கு ஆகிய செலவோ தொடக்கக் காட்சியில் ‘மறைபொருள்’ என்று திரையில் ஒளிர்கிறது. எவ்வளவு கடன் என்பதே தெரியாமல் அவள் அதனை அடைத்துக்கொண்டிருந்தாள். தமிழில் ‘நன்றிக்கடன்’ என்றொரு சொல் உண்டு. அதன் முற்பகுதி பெற்றவரின் உள்ளத்தில் தானாக எழுவது. பிற்பகுதியைக் கொடுத்தவர் தம் கணக்கேட்டில் எழுதிக்கொள்ளவும் முடியும். ஜேமியை ஒவ்வொரு முறையும் அழைக்கும் ஆஸ்கர் கொடியவர் அல்லர், அவள்மீது அன்புடையவர். அதனால்தான் அவளால் மறுக்க முடிவதில்லை.

ஜேமி முதன்முதலில் திரையில் தோன்றிய அதே 1975இல் நம் நாட்டின் செய்ப்பூரில் ஓர் அமைப்பு உருவானது. பகவான் மகாவீர் விகலாங்க் சகாயதா சமிதி என்பது அதன் பெயர். கைவினைஞர் இராம் சந்திர சர்மாவும் மருத்துவர் பி.கே.சேத்தியும் உருவாக்கிய ‘செய்ப்பூர் கால்’ என்னும் செயற்கைக் காலை அது ஏழைகளுக்குக் கட்டணமின்றிப் பொருத்தி வருகிறது. அக்காலில் மின்னணுக் கருவி இல்லை. மணிக்கு 60 மைல் ஓடவும் இயலாது. ஆனால், வெறுங்காலுடன் வயலில் இறங்கலாம். தரையில் சம்மணமிட்டு அமரலாம். பொருத்திக்கொண்டவர் எழுந்து தம் ஊருக்கு, தம் வேலைக்குச் செல்கிறார்.

ஜேமியாக நடித்த லின்ட்சே வாக்னர் 1977இல் சிறந்த நடிகைக்கான எம்மி விருதைப் பெற்றார். ஏ.பி.சி. கைவிட்ட அத்தொடரை மூன்றாம் ஆண்டில் என்.பி.சி. ஏற்றுக்கொண்டது. 1978இல் ஒளிபரப்பான இறுதிப் பகுதியே எனக்கு மிகவும் பிடித்தது. கிழிந்த கையிலிருந்து கம்பிகள் வெளியே தெரிவதைக் கண்ட குழந்தை ஒன்று ஜேமியை இயந்திரம் என்று எண்ணி அஞ்சுகிறது. அந்த அச்சம் அவளை உலுக்குகிறது. பணியிலிருந்து விலகுவதாக ஆஸ்கரிடம் கூறுகிறாள். அரசோ, அவள் உடலில் இருப்பவை நாட்டின் மறைபொருள்கள் என்று கூறி, அவளைக் காவலில் வைக்க முனைகிறது. அத்தனை ஆண்டுகள் அரசுக்காக ஓடிய கால்கள் இப்போது அரசிடமிருந்து தப்பி ஓடுகின்றன.

முடிவை நான் எழுதப் போவதில்லை. காரணம் கீழே உள்ள மூன்றாம் வினா.

சொற்பொருள்

புதினம் – நாவல். ஒற்றன் – உளவாளி. வான்குடை – பாராசூட். மன்றாடுதல் – கெஞ்சி வேண்டுதல்

பயிற்சி

1. ‘நன்றிக்கடன்’ – பிரித்து எழுதுக. இடையில் ‘க்’ தோன்றியது ஏன்?

2. ஜேமி, ஸ்டீவ், ஆஸ்கர் ஆகிய மூவருள் அந்த உடன்பாட்டுக்குப் பொறுப்பானவர் யார்? உன் கருத்தைக் காரணத்துடன் ஐந்து வரிகளில் எழுதுக.

3. தப்பியோடும் ஜேமி ஆஸ்கருக்கு எழுதுவதாக ஒரு மடல் வரைக. அதில் ‘என்’, ‘எனது’ என்னும் சொற்களை எங்கெங்கே பயன்படுத்தினாய் என்று அடிக்கோடிடுக.