கானாவினின்று கப்பர்நகூமுக்கு
(கலிலேய யாத்திரை வழி பற்றிய ஓர் ஆராய்ச்சி)

திருத்தலங்களை நாடி நடந்து செல்லுதல் பத்தியின் பொருட்டே என்பது யாவரும் அறிந்தது. ஆயினும் ஒரு நூலை ஊன்றிக் கற்க விரும்புவார்க்கும், அந்நூல் பிறந்த நிலத்தில் நடந்து செல்லுதல் ஒரு நல்ல உரையாசிரியன் செய்யும் உதவியைச் செய்யும். இதனைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. ஓர் எடுத்துக்காட்டால் அதனை விளக்குதலே இச்சிறு கட்டுரையின் நோக்கமாகும்.

யோவான் சுவிசேஷத்தின் நான்காம் அதிகார இறுதியில் ஒரு வரலாறு உளது. கப்பர்நகூமில் அரச அலுவலன் ஒருவனுடைய மகன் சாகுந்தறுவாயிற் கிடக்கிறான். தந்தையோ கானாவுக்கு வந்திருந்த இயேசு பெருமானிடஞ் சென்று, உடன் வந்து மகனைக் குணமாக்க வேண்டுமென்று மன்றாடுகிறான். பெருமான் அவனுடன் செல்லவில்லை. மகன் பிழைப்பான் என்று சொல்லி அனுப்பிவிடுகிறார். அச்சொல் ஒன்றையே நம்பி அவன் திரும்புகிறான். வழியில் அவனுடைய ஊழியர் எதிர்ப்பட்டு நற்செய்தி கூறுகின்றனர். எந்நேரத்திற் குணமாயிற்று என்று அவன் வினவ, நேற்று ஏழாம் மணி வேளையிற் சுரம் நீங்கிற்று என்று விடை பகர்கின்றனர். பெருமான் சொல்லியதும் அவ்வேளையே.

இங்கே ஓர் ஐயம் எழுகின்றது. பொழுது விடிந்தது முதல் எண்ணும் யூத வழக்கின்படி ஏழாம் மணி என்பது பிற்பகல் 1 மணி அளவாகும். வேறு கணக்குக் கொள்வாரும் உளராயினும், பலர் கொள்வது இதுவே. அப்பொழுதே புறப்பட்டான் எனக் கொண்டால், ஊழியரைக் கண்டபோது ‘நேற்று’ என்று சொல்லும்படி காலங் கழிந்தது எங்ஙனம்? மகன் உயிருக்கு ஊசலாடுகையில் தந்தை வழியில் தங்குவானோ? நம்பிக்கை மிகுதியால் அவன் கவலையின்றித் தங்கினான் என்று உரைப்பார் உளர். நம்பிக்கை தளர்ந்தமையாற் கால் தாழ்த்தனன் என்று ஐயுறுதற்கும் இடமுண்டு. இவ்வையத்தைத் தீர்க்க அகராதி உதவாது. நிலப்படம் உதவும், அதனினும் மிகுதியாக உதவுவது அவ்வழியை நடந்து அளத்தல்.

அவ்வாறு நடத்தற்கென்றே ஒரு வழி இக்காலத்தில் வகுக்கப்பட்டுள்ளது. ‘இயேசுவின் வழி’ எனப் பொருள்படும் பெயருடைய அப்பாதை நாசரேத்தில் தொடங்கிக் கப்பர்நகூமில் முடிகின்றது. நீளம் ஏறத்தாழ 65 கிலோமீட்டர், அஃதாவது 40 மைல். 2007ஆம் ஆண்டில் மவோஸ் இனோன் என்னும் இஸ்ரவேல் நாட்டு யூதரும், டேவிட் லாண்டிஸ் என்னும் அமெரிக்கக் கிறிஸ்தவரும் கூடி இதனை அமைத்தனர். பாறைகளில் இரு வெள்ளைக் கோடுகளினிடையே தீட்டிய செம்மஞ்சட் கோடு வழிகாட்டும். முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் வாழும் அரபு ஊர்கள், யூதர் குடியிருப்புக்கள், துரூசியரது திருத்தலம் ஆகிய யாவற்றையும் இவ்வழி ஊடுருவிச் செல்கின்றது. பெரும்பாலும் நான்கு நாளில் நடந்து முடிப்பர்.

கையில் ஒரு நிலப்படத்தை வைத்துக்கொண்டு நாமும் அவர் பின்னே செல்வோம்.

முதல் நாள். நாசரேத்து கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 350 மீட்டர் உயரத்தில் மலைகளினிடையே கிடக்கின்றது. அங்கிருந்து வடக்கே சில மைல் நடந்தால் செப்போரி நகரின் இடிபாடுகள் தோன்றும். ஏரோது அந்திப்பா, திபேரியாவைக் கட்டுமுன் இந்நகரையே தன் தலைநகராகக் கொண்டிருந்தான். நம் வரலாற்றிற் கூறப்பட்ட அலுவலன் இவ்வேரோதின் பணியாளனாதல் கூடும் என்பர். அஃது உண்மையாயின், ஆட்சியின் வலிமை இத்தகைய தூண்களும் தெருக்களுமாக எழுந்து நின்றதைக் கண்டு பழகியவன், அவ்வலிமை ஒன்றுக்கும் உதவாத நாளில் ஒரு தச்சன் மகனைத் தேடிச் சென்றான் என்பது விளங்கும்.

செப்போரியினின்று கிழக்கே திரும்பி, யோனா தீர்க்கதரிசியின் கல்லறை உளதெனப் போற்றப்படும் மஷ்ஹத் ஊரைக் கடந்து, யாத்திரிகர் கப்ர் கன்னாவை அடைவர். நெடுங்காலமாக யாத்திரிகர் கானா எனக் கொண்டு வழிபடும் ஊர் இதுவே. ஆராய்ச்சியாளர் பலரோ, இதற்கு வடமேற்கே பெத்நெத்தோபாப் பள்ளத்தாக்கின் மறுகரையிற் கிடக்கும் கிர்பெத் கானா என்னும் பாழூரே பழைய கானாவாதல் வேண்டும் என்பர். இவ்வழக்கை நாம் இங்குத் தீர்க்க வேண்டுவதில்லை. ஏனெனில், கப்பர்நகூமிலிருந்து நேர்கோட்டில் அளப்பின் இவ்விரண்டும் ஏறத்தாழ 26 கிலோமீட்டர்த் தூரத்திலேயே உள்ளன. மலைகளைச் சுற்றி வளைந்து செல்லும் வழியாயின் 30 கிலோமீட்டர் என்று கொள்ளலாம். ஆகவே கானா எதுவாயினும் நம் கணக்கு மாறாது.

இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும். கானாவுக்குக் கிழக்கே வழி வயல்களையும் ஒலிவத் தோப்புக்களையும் ஊடறுத்துச் செல்லும். ஓரிடத்தில் உரோமர் சாலையின் சிதைவைக் காணலாம். மழைக்காலத்தின் பின் இந்நிலம் செந்நிறக் காட்டுப் பூக்களாற் பொலியும். கோடையிலோ நிழலும் நீரும் அரிது. அப்பால் ஹத்தீன் கொம்புகள் எனப்படும் இரட்டைக் குன்று எழும். 1187ஆம் ஆண்டு ஜூலை 3ஆந் தேதி, சிலுவைப் போர் வீரரின் பெரும்படை செப்போரியின் நீரூற்றுக்களை விட்டுத் திபேரியாவை நோக்கிப் புறப்பட்டது. பகைவர் இடைவிடாது தாக்கியமையாலும், வெயிலாலும், நீரின்மையாலும் அன்று மாலைக்குள் அப்படை ஏரிக்கரையைச் சேரக் கூடவில்லை. இரவெல்லாந் தாகத்தால் வருந்தி, மறுநாள் இக்குன்றினருகே சலாதீனிடந் தோற்றழிந்தது. தனி மனிதன் நடையையும் படையின் நடையையும் ஒன்றென்று கூறலாகாது. எனினும் இம்மேட்டு நிலம் எளிதிற் கடக்கத்தக்கதன்று என்பதற்கு அந்நிகழ்ச்சி சான்றாகும்.

இக்குன்றின்மீது நிற்பார்க்குக் கலிலேயாக் கடல் கீழே புலனாகும். கடல் எனப் பெயர் பெறினும் அது நன்னீர் ஏரியே. உலகக் கடல் மட்டத்திற்கும் ஏறத்தாழ 210 மீட்டர் கீழே கிடப்பது. ஊர் திரும்பும் ஒருவன் தன் வீடிருக்கும் கரையை இங்கிருந்து காணலாம். ஆயினும் கப்பர்நகூம் இன்னும் 14 கிலோமீட்டருக்குக் குறையாத தொலைவினது. அலுவலன் இவ்வடிச்சுவட்டிலேயே சென்றான் என்று எவரும் அறுதியிட்டுக் கூறவியலாது. ஆனால் எவ்வழிச் சென்றாலும், வீட்டைக் கண்ணாற் கண்டும் அங்கு நிகழ்வதை அறியமாட்டாமல் நெடும்பொழுது நடந்திருத்தல் வேண்டும்.

குன்றின் வடபுறத்தே துரூசியர் போற்றும் நபி சுஐபின் திருத்தலம் உளது. மோசேயின் மாமனாகிய எத்திரோவே இவர் என்பது அவர் கொள்கை. ஆண்டுதோறும் ஏப்பிரல் 25ஆந் தேதியில் அவர்கள் இங்குக் கூடுவர். இதனைக் கடந்து அர்பேல் மலையுச்சியை அடைந்து யாத்திரிகர் தங்குவர்.

நான்காம் நாள். அர்பேல் செங்குத்தான பாறை மலை. ஏரியினின்று ஏறத்தாழ 390 மீட்டர் உயர்ந்து நிற்பது. இரும்புக் கைப்பிடிகளைப் பற்றிக்கொண்டு இறங்க வேண்டிய இடங்களும் அதில் உள. கீழே மக்தலாவில் 2009ஆம் ஆண்டில் முதல் நூற்றாண்டுத் தொழுகையாலயம் ஒன்று அகழ்ந்தெடுக்கப்பட்டது. அடுத்த கினோசரில், 1986ஆம் ஆண்டு ஏரி வற்றியபோது சேற்றினின்று எடுக்கப்பட்ட, ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுப் பழமையுள்ள மீன்படகு வைக்கப்பட்டுளது. அதன் நீளம் 8 மீட்டருக்குச் சற்று மிகுதி. பின்னர் ஊற்றுக்கள் நிறைந்த தப்கா. இறுதியிற் கருங்கற் சுவர்களோடு கூடிய கப்பர்நகூம்.

இனி நம் ஐயத்திற்கு வருவோம். கிரேக்க மூலத்தில் இவ்வரலாற்றினுள் ‘இறங்குதல்’ என்னும் வினை மும்முறை வருகின்றது: தந்தை இருமுறை மன்றாடும்போதும், அவன் திரும்பும்போதும். வீட்டிலமர்ந்து வாசிப்பார் வருதல், போதல் என்று மட்டுங் கொண்டு கடந்து செல்வர். நடந்தவர்க்கோ அஃது உள்ளபடியே இறக்கம். நாசரேத்திலிருந்து கப்பர்நகூம் வரையில் 550 மீட்டருக்கு மேல் நிலம் தாழ்கின்றது. கானாவிலிருந்தும் 400 மீட்டருக்கு மேல் இறங்க வேண்டும். அங்ஙனமாயின் தந்தை கானாவுக்குச் சென்றது அத்துணையும் ஏற்றமாகும்.

மணிக்கு 4 அல்லது 5 கிலோமீட்டர் நடப்பவன் 30 கிலோமீட்டரைக் கடக்க ஆறு முதல் ஏழரை மணி நேரமாகும். விடியற்காலையில் ஏரிக்கரையினின்று புறப்பட்டவன் நண்பகல் கழிந்தே கானாவைச் சேர்வான். அலுவலன் அவ்வாறு வந்திருப்பின், ஏழாம் மணி வேளையில் அங்கு நின்றது இயல்பே. நடந்தானோ, குதிரை மீது வந்தானோ, நூல் கூறவில்லை. எவ்வாறாயினும், ஏறிக் களைத்த உடம்போடு பிற்பகல் 1 மணிக்கு மீண்டும் புறப்பட்டவன் பொழுது சாயுமுன் வீடு சேர்தல் அரிது. இரவில் வழியிலே தங்கி, மறுநாட் காலையில் ஊழியரைக் கண்டிருக்கலாம். அன்றேல், சூரியன் மறைந்ததும் புதுநாள் தொடங்கும் யூத வழக்கின்படி, அன்றிரவே கண்டு ‘நேற்று’ என்று பேசியிருக்கலாம். ஊழியரும் சுரம் விட்ட கணமே ஓடி வந்திருப்பர் என்பதில்லை. விட்ட சுரம் மீளுமோ என்று சிறிது பொறுத்துப் பார்ப்பது எந்த வீட்டிலும் உள்ள வழக்கமன்றோ?

ஆகவே ‘நேற்று’ என்னுஞ் சொல்லுக்கு அவனது சோர்வும் காரணமாக வேண்டுவதில்லை, கவலையின்மையும் காரணமாக வேண்டுவதில்லை. வழியின் நீளமே போதிய காரணம். ஆயின் அவ்வழி நமக்கு வேறொன்றையுங் கற்பிக்கின்றது. ‘அவன் நம்பிப் போனான்’ என்று ஒரு வரியில் நாம் வாசித்து முடிப்பது, அவனுக்கு இத்தனை மணி நேரத்து நடையாயிருந்தது. கையில் மருந்தில்லை, உடன் வருவாரில்லை, கேட்ட சொல் ஒன்றே உண்டு. அதனைக் கொண்டு ஒவ்வோர் அடியாக அவன் இறங்கினான். நம்பிக்கை என்பது ஒரு கணத்து உணர்ச்சி மட்டுமன்று, ஒரு நாள் முழுதும் நடக்க வேண்டியது என்பதை இவ்வழி நன்கு காட்டுகின்றது.

2023ஆம் ஆண்டு அக்டோபரிற் போர் மூண்டபின் அந்நாட்டுக்கு யாத்திரிகர் வருகை மிகக் குறைந்தது. வழியமைத்தவருள் ஒருவராகிய இனோன், அம்மாதம் 7ஆந் தேதித் தாக்குதலில் தம் பெற்றோரை இழந்தார். அதன் பின்னரும் பழிவாங்குதலை வேண்டாது, இருதிறத்தார்க்கும் சமாதானத்தையே வேண்டிப் பேசி வந்துளார். அச்சொல்லும் நெடுவழி நடக்க வேண்டியதே.

மாணவ அன்பர்களே, கலிலேயாவுக்குச் செல்லும் வாய்ப்பு நம்மிற் சிலர்க்கே கிட்டும். ஆனால் நிலப்படமும் அளவுகோலும் நம் நூல்நிலையத்தில் உள்ளன. இனி வேதத்தில் ஒருவன் ஓரூரினின்று வேறோர் ஊருக்குப் போனான் என்று வாசிக்கும்போது, அவ்விரண்டுக்கும் இடையே எத்துணை மைல், ஏற்றமோ இறக்கமோ, நீர் எங்கே, இரவு எங்கே என்று வினவிப் பாருங்கள். அங்ஙனம் வினவி வாசிப்பார்க்கு, முன்னர்ப் பலகாற் படித்த வரலாறுகளும் புதியனவாய்த் தோன்றும்.