உச்சம் ஒருமுறையா, பலமுறையா?

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளில் மாறி மாறி ஷிப்டு பார்க்கும் இளம் தம்பதியர், வேறு ஏதோ உபாதைக்கு மருந்து வாங்கிக்கொண்டு, எழுந்து செல்கையில் கதவருகே தயங்கி நின்று எங்களைக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. “பெண்களுக்கு ஒரே கூடலில் பலமுறை உச்சம் வரும் என்கிறார்களே, எங்களுக்கு அப்படி இல்லையே. குறை யாரிடம்?”

அமெரிக்க ஆய்வாளர்களான வில்லியம் மாஸ்டர்ஸும் வர்ஜீனியா ஜான்சனும் ஆய்வகத்தில் நேரில் கண்டறிந்தவற்றை 1966-இல் நூலாக வெளியிட்டனர். உச்சத்தின்போது இடுப்பறைத் தசைகள் ஏறத்தாழ 0.8 நொடிக்கு ஒருமுறை சுருங்குகின்றன. இருபாலருக்கும் இது பொது. வேறுபாடு அதற்குப் பின்னரே தொடங்குகிறது. விந்து வெளிப்பட்டபின் ஆணுடலுக்கு ஓர் ஓய்வுக்காலம் தேவைப்படுகிறது. இளமையில் அது சில நிமிடங்களாக இருக்கலாம். வயது ஏற ஏற மணிக்கணக்காகும், ஒரு நாளையும் கடக்கும். பெண்ணுடலுக்கு இத்தகைய கட்டாய ஓய்வு இல்லை. தூண்டல் தொடர்ந்தால் மீண்டும் உச்சம் எய்த இயலும்.

‘இயலும்’ என்பதை ‘எய்தியே தீரவேண்டும்’ என்று படித்துக்கொள்வதால்தான் இத்தனை மனவருத்தம். ஒருமுறையே போதும் என நிறைவுறும் பெண்கள் மிகப் பலர். உச்சத்துக்குப் பின் தொடுதலே கூச்சமாய், வலியாய்த் தோன்றுவோரும் உண்டு. கலவியால் மட்டும் உச்சம் எய்தாதவர்களும் பலர். கிளிட்டோரிஸ் என்னும் உணர்ச்சிமொட்டின் தூண்டல் அவர்களுக்குத் தேவை. இரவு ஷிப்டு முடிந்த காலையும் விடுமுறை நாளும் ஒரே பெண்ணுக்கே ஒன்றாக இருப்பதில்லை. இவற்றுள் எதுவும் நோயன்று. கணவரின் தோல்வியும் அன்று.

ஆண்களின் அச்சம் வேறு வகை. விந்து இழப்பே உடற்சோர்வுக்குக் காரணம் என்னும் கலக்கத்துக்கு, மனநல மருத்துவர் என்.என். விக் 1960-இல் ‘தாத் நோய்க்குறி’ எனப் பெயரிட்டார். இங்கு வருவோரிடம் நாங்கள் முதலில் விசாரிப்பது உறக்கத்தைப் பற்றி!

முன்பு வந்த உச்சம் இப்போது வரவில்லை என்றால் மட்டும் காரணம் தேட வேண்டும். நீரிழிவு, மனச்சோர்வு போன்றவை காரணமாகலாம். நீரிழிவில் சில ஆண்களுக்கு விந்து பின்னோக்கிச் சிறுநீர்ப்பைக்குள் செல்வதும் உண்டு. செர்ட்ராலின், ஃபுளுவாக்ஸெடின் போன்ற மனச்சோர்வு மாத்திரைகள் உச்சத்தைத் தாமதப்படுத்தும். அதற்காக அவற்றைத் தாமாகவே நிறுத்திவிட வேண்டாம். அளவையோ மருந்தையோ மாற்ற வழியுண்டு. வரும்போது மாத்திரை அட்டையை மறவாமல் எடுத்து வாருங்கள். தனியே வந்தாலும் சரி, இருவராக வந்தாலும் சரி.