டீசல் காருக்கு ஆட்ப்ளூ: அக்கா சொல்ற டிப்ஸ்

புதுசா டீசல் கார் வாங்கின தம்பி, தங்கச்சிங்க நிறைய பேருக்கு ஒரு நாள் மீட்டர்ல அந்த மெசேஜ் வரும்: 'ஆட்ப்ளூ நிரப்பவும். இன்னும் இத்தனை கிலோமீட்டர்தான் ஓடும்.' பார்த்ததும் பதற வேண்டியதே இல்லை. இது நீங்களே வீட்டு வாசல்ல நின்னு செய்யக்கூடிய வேலைதான். ஆனா எதை ஊத்தணும், எப்படி ஊத்தணும், ஊத்தின பிறகும் விளக்கு அணையலைன்னா என்ன பண்ணணும்னு தெரிஞ்சு செய்யணும். ஏன்னா இதுல செய்யற தப்புக்குப் பெரிய செலவு வரும்.

முதல்ல, இது எதுக்குன்னு தெரிஞ்சுக்கங்க

டீசல் புகையில நைட்ரஜன் ஆக்சைடு (நாக்ஸ்) இருக்கு. பி.எஸ்.4 மாசு விதி இருந்த காலத்துல டீசல் கார் ஒரு கிலோமீட்டருக்கு 250 மில்லிகிராம் வரைக்கும் அதை வெளியே விடலாம்னு இருந்துச்சு. 2020 ஏப்ரல் 1-ல நாடு முழுக்க வந்த பி.எஸ்.6 விதி அதை 80 மில்லிகிராமா குறைச்சிடுச்சு. அதனால சைலன்சர் குழாய்க்குள்ள ஆட்ப்ளூவைத் தெளிக்கற ஏற்பாடு பல கார்கள்ல வந்தது. சூட்டுல அது அம்மோனியாவா மாறி, கேட்டலிஸ்ட்ல அந்த நச்சு வாயுவை வெறும் நைட்ரஜனாவும் நீராவியாவும் மாத்திடும். எக்ஸ்யூவி700, ஸ்கார்பியோ-என் மாதிரி வண்டிகள்ல இதைப் பார்க்கலாம். எல்லா டீசல் கார்லயும் இது கிடையாது. டீசல் மூடிக்குப் பக்கத்துல நீல மூடி ஒண்ணு இருக்கான்னு பாருங்க, இல்லைன்னா மேனுவலைப் புரட்டுங்க.

வாங்கும்போது

1. ஆட்ப்ளூங்கறது 32.5 சதவீதம் சுத்தமான யூரியா, மீதி தாது உப்பு நீக்கின தண்ணி. கேன் மேல ஐ.எஸ்.ஓ. 22241-ன்னு போட்டிருக்கணும். 'டெஃப்'னு எழுதியிருந்தாலும் இதே திரவம்தான். பெட்ரோல் பங்க்லயும் ஸ்பேர் பார்ட்ஸ் கடையிலயும் கிடைக்கும்.

2. தயாரிச்ச தேதியைப் பார்க்காம வாங்காதீங்க. 25 டிகிரி சூட்டுல இருந்தா 18 மாசம் தாங்கும். 35 டிகிரியில 6 மாசம்தான். நம்ம ஊர் சித்திரை வெயில்ல கடை வாசல்ல அடுக்கி வெச்சிருக்கற பக்கெட்டை எடுக்காதீங்க. நீங்களும் டிக்கியில மாசக்கணக்கா கேனைப் போட்டு வைக்காதீங்க.

3. வயலுக்குப் போடற யூரியாவைத் தண்ணியில கரைச்சு ஊத்தினா போதும்னு யாராவது சொன்னா கேக்கவே கேக்காதீங்க. இப்ப உர யூரியா எல்லாம் வேப்பெண்ணெய் பூசி வருது. அந்த எண்ணெய்யும், உரத்துல இருக்கற மற்ற கலப்பும் இன்ஜெக்டரை அடைச்சு, கேட்டலிஸ்ட்டைக் கெடுத்துடும். குழாய்த் தண்ணியில இருக்கற சுண்ணாம்பும் அப்படித்தான். அதோட, விவசாயிக்கு மானியத்துல தர்ற உரத்தை இதுக்குத் திருப்புறது சட்டப்படி குற்றம்.

ஊத்தும்போது

4. வண்டியைச் சமமான இடத்துல நிறுத்தி இன்ஜினை அணைங்க. அணைச்ச பிறகும் பின்பக்கம் ஒண்ணு ரெண்டு நிமிஷம் 'டிக் டிக்'னு மெல்லிசா சத்தம் வரலாம். குழாய்ல மிச்சம் இருக்கற திரவத்தைப் பம்ப் திரும்ப டேங்குக்கு இழுக்குது. அந்தச் சத்தம் அடங்கற வரைக்கும் பேட்டரி ஒயரைக் கழட்டவே கூடாது. குழாய்ல தங்கிட்டா காய்ஞ்சு உப்பாகி அடைச்சுக்கும்.

5. நீல மூடியைச் சுத்தி இருக்கற தூசியை ஈரத்துணியால துடைச்சிட்டுத் திறங்க. கேனோட வர்ற குழாயை மட்டும் பயன்படுத்துங்க. டீசலோ இன்ஜின் ஆயிலோ ஊத்தின புனல் வேண்டவே வேண்டாம். ஒரு சொட்டு எண்ணெய் கூட உள்ளே போகக் கூடாது.

6. மெதுவா ஊத்துங்க. கழுத்து வரைக்கும் தளும்பத் தளும்ப நிரப்ப வேண்டாம். சிந்தினா உடனே தண்ணி விட்டுக் கழுவுங்க. விட்டுட்டா பெயின்ட் மேல வெள்ளை உப்பா படியும். டிக்கி கார்பெட்ல சிந்தினா அம்மோனியா நாத்தம் சீக்கிரத்துல போகாது.

7. தவறுதலா டீசல் டேங்க்ல ஆட்ப்ளூவையோ, ஆட்ப்ளூ டேங்க்ல டீசலையோ ஊத்திட்டா, இக்னிஷனைத் தொடவே தொடாதீங்க. ஸ்டார்ட் பண்ணலைன்னா டேங்கைக் காலி பண்ணிக் கழுவறதோட போகலாம். ஸ்டார்ட் பண்ணிட்டா பம்ப், இன்ஜெக்டர்னு செலவு இழுத்துக்கிட்டே போகும். டோ பண்ணித்தான் கொண்டு போகணும்.

ரீசெட்: மெசேஜ் போகலைன்னா

இங்கதான் பல பேர் குழம்பிப் போறாங்க. முதல்ல மெசேஜை முழுசா படிங்க. 'குறைவா இருக்கு, நிரப்பவும்'னு வர்றது ஒரு வகை. 'சிஸ்டம்ல கோளாறு'ன்னோ, 'தவறான திரவம்'னோ வர்றது வேற வகை. ரெண்டுக்கும் வைத்தியம் வேற வேற.

8. குறைவுன்னு வந்து நிரப்பினீங்கன்னா, இன்ஜினை ஸ்டார்ட் பண்ணாம இக்னிஷனை மட்டும் ஆன் பண்ணி ஒரு நிமிஷம் விடுங்க. சென்சார் புது அளவைப் படிச்சுக்கும். பெரும்பாலும் மெசேஜ் தானா போயிடும். போகலைன்னா கொஞ்ச தூரம் சீரா ஓட்டிப் பாருங்க.

9. அரை லிட்டர், ஒரு லிட்டர் ஊத்திட்டு 'ஏன் மாறலை'ன்னு கேட்டா எப்படி? கொஞ்சமா ஊத்தினா சென்சார் கண்டுக்காது. குறைஞ்சது இத்தனை லிட்டர் ஊத்தணும்னு மேனுவல்ல போட்டிருக்கும், அதுக்குக் குறையாம ஊத்துங்க. டேங்க் மொத்தமா காலியாகியிருந்தா, ஊத்தின பிறகு பத்து நிமிஷம் பொறுத்து இக்னிஷனை ஆன் பண்ணுங்க.

10. கோளாறுன்னு வந்தா, நிரப்பிப் பிரயோஜனம் இல்லை. ஸ்கேனர் போட்டுப் பார்க்கச் சொல்லுங்க, வர்ற எரர் கோடை எழுதி வாங்குங்க. பி203எஃப்-ன்னா அளவு குறைவு. பி207எஃப்-ன்னா திரவத்தோட தரத்துல சந்தேகம். பி20இஇ-ன்னா புகையைச் சுத்தம் பண்ற திறன் குறைஞ்சிருக்கு. கோடு தெரிஞ்சா எதை மாத்தறாங்க, ஏன் மாத்தறாங்கன்னு நீங்க கேள்வி கேக்கலாம்.

11. கோடை மட்டும் அழிச்சு அனுப்பறதும் பேட்டரியைக் கழட்டி மாட்டறதும் ரீசெட் ஆகாது. காரணம் அப்படியே இருந்தா ரெண்டு நாள்ல விளக்கு திரும்ப எரியும். அதே மாதிரி பம்ப், இன்ஜெக்டர், நாக்ஸ் சென்சார் எதை மாத்தினாலும், ஸ்கேனர்ல புது பார்ட்டைப் பதிவு பண்ணி அளவுகளைச் சரிசெய்யற வேலை பல வண்டிகள்ல இருக்கு. 'அதையும் முடிச்சிட்டீங்களா'ன்னு கேட்டுட்டு வண்டியை எடுங்க.

நீண்ட பயணத்துக்கு முன்னாடி

12. மீட்டர்ல மிச்ச கிலோமீட்டர் சைபர் ஆகற வரைக்கும் தள்ளாதீங்க. ஓடிக்கிட்டிருக்கற இன்ஜின் நடுரோட்டுல நிக்காது. ஆனா டீக்கடையில அணைச்சீங்கன்னா திரும்ப ஸ்டார்ட் ஆகாது. ராத்திரி நேரத்துல, குழந்தைகளோட, பைபாஸ்ல அந்த நிலைமை யாருக்கும் வர வேண்டாம். முதல் எச்சரிக்கை வந்த வாரமே நிரப்பிடுங்க. ஓட்டற விதத்தைப் பொறுத்து, கார் ஏறக்குறைய 800-லிருந்து 1,000 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் குடிக்கும். அதை வெச்சுக் கணக்குப் போட்டுக்கங்க.

கடைசியா ஒண்ணு. 'சின்னதா ஒரு பாக்ஸ் மாட்டித் தர்றேன், இனிமே ஆட்ப்ளூவே ஊத்த வேண்டாம்'னு சொல்ற மெக்கானிக் கிடைப்பார். சம்மதிக்காதீங்க. அந்த பாக்ஸ் வண்டியோட கம்ப்யூட்டருக்குப் பொய்க் கணக்கு சொல்லும், புகை மட்டும் சுத்தமாகாம அப்படியே வெளியே போகும். வாரன்ட்டி போயிடும். மாசுக் கட்டுப்பாட்டு விதியை மீறினா மோட்டார் வாகனச் சட்டத்துல 10,000 ரூபாய் வரைக்கும் அபராதமும் இருக்கு. இதையெல்லாம் விட, சிக்னல்ல நம்ம காருக்குப் பின்னாடி பைக்ல குழந்தையை வெச்சுக்கிட்டு நிக்கறவங்க சுவாசிக்கறது நம்ம புகையைத்தான். மாசச் செலவுல ஆட்ப்ளூவுக்கும் கொஞ்சம் எடுத்து வையுங்க. நல்ல கேனா வாங்கி, உங்க கையாலயே நிரப்பிப் பழகுங்க.