கட்டில் உயரட்டும், முதுகு வளைய வேண்டாம்

சேரப்பணஞ்சேரி சுற்றுவட்டாரத் தொழிற்சாலைகளில் ஷிப்ட் பார்த்து, நேரத்துக்குச் சாப்பிடாமல் வயிற்றைக் கெடுத்துக்கொண்டு வருகிறவர்களுக்கு எண்டோஸ்கோப்பி செய்வது என் வேலை. ஒரகடத்தில் கார் அசெம்பிளி லைனில் நிற்கும் தம்பி ஒருவர், என் இடது கட்டைவிரலில் வலிக்காகக் கட்டியிருந்த பட்டையைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "எங்க லைன்ல வெயிட்டான டூலைக் கையில தாங்க விடமாட்டாங்க சார். மேலேர்ந்து பேலன்சர்ல தொங்கும். ஸ்டேஷனையும் மாத்தி மாத்தி விடுவாங்க."

எங்கள் அறையில் அப்படி எதுவும் கிடையாது. ஸ்கோப்பின் தலைப்பகுதி முழுக்க இடது கையில். அதே கையின் கட்டைவிரல்தான் சக்கரத்தைத் திருப்ப வேண்டும். மற்ற விரல்கள் காற்று, நீர், உறிஞ்சும் பொத்தான்களை அழுத்த வேண்டும். வலது கை குழாயைத் தள்ளி, முறுக்கிக்கொண்டே இருக்கும். கைப்பிடியோ எல்லோருக்கும் ஒரே அளவு. சிறிய கை உள்ள மருத்துவர்கள், குறிப்பாகப் பெண்கள், எட்டாத சக்கரத்தை எட்டிப் பிடித்தே விரலைக் கெடுத்துக்கொள்கிறார்கள். இது எனக்குப் பெரிய வருத்தம்.

அந்தத் தம்பி சொன்னதற்குப் பிறகு, ஸ்கோப்பைக் கையில் எடுக்கும் முன்பே கட்டிலை உயர்த்திவிடுகிறேன்: முழங்கை மட்டத்துக்கு, அல்லது அதிலிருந்து 10 செ.மீ. வரை கீழே. மானிட்டர் நேர் எதிரே, திரையின் நடுப்பகுதி கண்மட்டத்துக்குச் சற்றுக் கீழே இருக்க வேண்டும். பல இடங்களில் அதைச் சுவரில் டிவி மாதிரி உயரத்தில் மாட்டியிருக்கிறார்கள். கழுத்து வலிக்கு அதுவே போதும். இறக்கி மாட்டச் சொல்லிக் கேளுங்கள், தயங்க வேண்டாம். கொலனோஸ்கோப்பியில் குழாய் சுருண்டுவிட்டால் மேலும் தள்ளாமல், பின்னுக்கு இழுத்துச் சுருளை எடுத்துவிட்டால் மணிக்கட்டு தப்பிக்கும். எக்ஸ்-ரே உதவியோடு பித்தநாளத்தில் செய்யும் ஈ.ஆர்.சி.பி.க்கு மேல்சட்டையும் பாவாடையுமாகப் பிரிந்த ஈய ஏப்ரன் நல்லது. பாரத்தில் பாதியை இடுப்பு தாங்கும்.

அமெரிக்க எண்டோஸ்கோப்பி சங்கமான ஏ.எஸ்.ஜி.இ. 2023இல் வெளியிட்ட வழிகாட்டுதல் இடைவேளையை வலியுறுத்துகிறது. அதோடு, அந்தத் தம்பியின் லைனில் ஸ்டேஷனை மாற்றிவிடுவது போல, கொலனோஸ்கோப்பிகளை அடுத்தடுத்துப் போடாமல், நடுவில் இரைப்பை எண்டோஸ்கோப்பி வருமாறு பட்டியல் போடச் சொல்லியிருக்கிறேன்.

நீங்களும் ஸ்கோப் பிடிப்பவர் என்றால், கட்டைவிரலை உள்ளே மடக்கி, கையை மூடி, மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கம் சாய்த்துப் பாருங்கள். கட்டைவிரலுக்கு அடியில், மணிக்கட்டில் சுரீரென்று வலித்தால் தசைநாண் உறை வீங்கியிருக்கலாம். வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு லிஸ்ட்டை முடிக்கப் பார்க்காமல், அந்த வாரமே எலும்பு மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.