நீக்கிய மென்பொருளின் பெயர் பட்டியலில் நிற்கிறதா?

அன்இன்ஸ்டால் செய்யாமல், ‘புரோகிராம் ஃபைல்ஸ்’ உள்ளே போய் மென்பொருளின் ஃபோல்டரை மட்டும் டெலீட் செய்துவிடுபவர்கள் நிறையப் பேர். ஃபைல்கள் போய்விடும், பெயர் மட்டும் நிறுவிய மென்பொருள்களின் பட்டியலில் நிற்கும். விண்டோஸ் அந்தப் பட்டியலை ரெஜிஸ்ட்ரியில் உள்ள பதிவுகளை வைத்துத்தான் காட்டுகிறது. ஃபோல்டர் இருக்கிறதா என்று அது பார்ப்பதில்லை.

முதலில் கன்ட்ரோல் பேனலில் ‘புரோகிராம்ஸ் அண்ட் ஃபீச்சர்ஸ்’ திறந்து, அந்தப் பெயரின் மேல் ரைட் கிளிக் செய்து அன்இன்ஸ்டால் கொடுங்கள். ஏற்கெனவே நீக்கப்பட்டிருக்கலாம், பட்டியலிலிருந்து எடுத்துவிடவா என்று விண்டோஸே பல நேரம் கேட்கும். ‘யெஸ்’ கொடுத்தால் வேலை முடிந்தது. கேட்காமல் வெறும் எரர் மட்டும் வந்தால், இன்ஸ்டால், அன்இன்ஸ்டால் சிக்கல்களுக்காக மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் டிரபிள்ஷூட்டரை ஓட்டிப் பாருங்கள்.

அதிலும் போகவில்லையென்றால்தான் ரெஜிஸ்ட்ரி. ஸ்டார்ட் மெனுவில் தேடி ரெஜிஸ்ட்ரி எடிட்டரைத் திறந்து, ஹெச்கீ லோக்கல் மெஷின், சாஃப்ட்வேர், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், கரன்ட்வெர்ஷன், அன்இன்ஸ்டால் என்று வரிசையாக உள்ளே போங்கள். அதனுள் ஃபோல்டர் போலத் தெரியும் கீகளில் சிலவற்றில் மென்பொருளின் பெயரே இருக்காது. நெளிவு அடைப்புக்குறிக்குள் எழுத்தும் எண்ணுமாக நீளமாக இருக்கும். ஒவ்வொன்றாகக் கிளிக் செய்து, வலப்பக்கம் ‘டிஸ்ப்ளேநேம்’ எதிரே உள்ள பெயரைப் பாருங்கள். அங்கே கிடைக்காவிட்டால், சாஃப்ட்வேருக்குக் கீழே ‘வாவ்6432நோட்’ கிளையில் இதே வரிசையில் தேடுங்கள். 64 பிட் விண்டோஸில் 32 பிட் மென்பொருள்கள் அங்கேதான் பதிவாகும். ஒரு பயனருக்கு மட்டும் நிறுவியதென்றால் ‘ஹெச்கீ கரன்ட் யூசர்’ கீழே இருக்கும்.

கீ கிடைத்ததும் உடனே டெலீட் செய்யாதீர்கள். ‘அன்இன்ஸ்டால்ஸ்டிரிங்’ காட்டும் ஃபைல் டிஸ்க்கில் இன்னும் இருந்தால், அதை ஓட்டி முறையாக நீக்குவதே சரி. இல்லையென்றால், அந்தக் கீயின் மேல் ரைட் கிளிக் செய்து ‘எக்ஸ்போர்ட்’ கொடுத்து டெஸ்க்டாப்பில் சேமியுங்கள். பிறகு அந்த ஒரு கீயை மட்டும் டெலீட் செய்யுங்கள். கைதவறி மேலே உள்ள ‘அன்இன்ஸ்டால்’ கீயையே அழித்தால் அந்தக் கிளையில் உள்ள எல்லாப் பெயர்களும் பட்டியலிலிருந்து போய்விடும். சேமித்த ஃபைலை டபுள் கிளிக் செய்தால், எக்ஸ்போர்ட் செய்த அந்த ஒரு கீ மட்டும்தான் திரும்ப வரும்.

ஆன்டிவைரஸ் பெயருக்கு மட்டும் இந்த வழி வேண்டாம். அதன் டிரைவர்கள் பின்னணியில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கலாம். அதைத் தயாரித்த நிறுவனமே தரும் நீக்கும் கருவியைப் பயன்படுத்துங்கள்.

ஒரே ஒரு பெயரை எடுப்பதற்காக ரெஜிஸ்ட்ரி கிளீனர் எதையும் இறக்கி நிறுவாதீர்கள். அவற்றின் பயன்பாட்டை மைக்ரோசாஃப்ட்டே ஆதரிப்பதில்லை.